அப்பாவின் தாகம்

என் அப்பாவின் இதயத்தைக் கெடுத்தது வெயில் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். வெயில் பாவம், என்ன செய்தது? அது பாட்டுக்கு வெளியே தெருவில் காய்ந்துகொண்டிருந்தது. அப்பா உள்ளே இருந்தார். பம்பாய் மாட்டுங்காவில் ஒரு கல்யாண மண்டபத்தில், கூரைக்குக் கீழே, தலைக்கு நேர் மேலே மின்விசிறி தொங்க, மணையில் உட்கார்ந்திருந்தார். அந்த மண்டபத்தில் மின்விசிறிக்குப் பஞ்சமே இல்லை, வரிசையாகத் தொங்கின. கரண்டும் இருந்தது. ஆனால் ஒன்றுகூட ஓடவில்லை. சுவிட்சைப் போடப் போனவர்களையும் கையைப் பிடித்து நிறுத்தினார்கள்.

போட்டால் விளக்கு அணைந்துவிடுமாம். கல்யாண மேடையில் குத்துவிளக்கு அணைந்தால் அபசகுனம். ஹோமத்து நெருப்பு காற்றில் கலைந்தால் சாம்பல் பறந்து சம்பந்திகளின் பட்டில் விழும். அது அதைவிடப் பெரிய அபசகுனம். மனிதன் அணைந்தால் என்ன என்று சாஸ்திரத்தில் எழுதவில்லை போலிருக்கிறது. எழுதியிருந்தால் எங்கள் மாமா படித்திருப்பார்.

கல்யாணம் என்னுடையதுதான். அறுபதுகளின் நடுவில், ஒரு மே மாதம். மெட்ராஸ் வெயில் சுடும், பம்பாய் வெயில் அவிக்கும். இட்லிப்பானைக்குள் உட்கார வைத்த மாதிரி இருக்கும். அந்த மாதத்தில் கல்யாணம் வைக்கலாமா என்று அம்மா கேட்டாள். சம்பந்திகளின் உறவுக்காரர்களுக்கு அப்போதுதான் பள்ளிக்கூட லீவாம். ஊரிலிருந்து எல்லாரும் வந்து பம்பாயையும் பார்த்துவிட்டுப் போகலாமாம். என் கல்யாணம் அவர்களுக்கு உல்லாசப் பயணம்.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். ஆசாரம் அனுஷ்டானம் எல்லாம் வீட்டு வாசற்படி வரைக்கும்தான். ஆபீஸுக்குப் பக்கத்து ஈரானி கடையில் தினமும் பன்னும் டீயும் சாப்பிடுவார். சட்டையில் வெண்ணெய்க் கறை இருக்கும், அம்மா பார்த்தும் பார்க்காத மாதிரி சோப்புப் போடுவாள். அப்படிப்பட்டவர் என் கல்யாணத்தன்று மகரிஷி ஆகிவிட்டார். கன்னிகாதானம் செய்து கொடுக்கிறவர் தானம் முடிகிற வரை சாப்பிடக் கூடாது என்பது வழக்கம். காபி, பழம், பால் என்று எல்லாரும் ஏதோ ஒரு சந்து வைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். இவர் பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது என்றார்.

"ஏன்னா, ஒரு வாய் காபியாவது குடிச்சுட்டுப் போங்கோளேன். யார் பார்க்கப் போறா?" என்றாள் அம்மா.

"யாரும் பார்க்கலைன்னா நான் பார்க்கறேனே. தலைச்சன் பொண்ணைத் தாரை வார்க்கறேன். ஒரு வேளை வயிறு காஞ்சா ஒண்ணும் செத்துப் போயிட மாட்டேன்."

அன்றைக்குச் சாகவில்லை. அந்த வரைக்கும் அவர் சொன்னது சரி.

காலையில் காசி யாத்திரை. மாப்பிள்ளை சந்நியாசம் வாங்கிக்கொண்டு காசிக்குப் போகிறேன் என்று வெளியே கிளம்புவார், பெண்ணின் அப்பா பின்னாலேயே போய், வேண்டாம் மாப்பிள்ளை, என் பெண்ணைக் கட்டிக்கொள்ளுங்கள் என்று கெஞ்சி அழைத்து வர வேண்டும். காசிக்குப் போகிறவருக்குப் புதுக்குடை, புதுச்செருப்பு, கையில் பனையோலை விசிறி, எல்லாம் என் அப்பா வாங்கிக் கொடுத்தது. அவர் குடைக்குக் கீழே நின்றார். அப்பா வெறுங்காலோடு, வெற்றுத் தலையோடு, தார் ரோட்டில் நின்றார். போட்டோக்காரனுக்குக் கேமராவில் ஏதோ சிக்கிக்கொண்டது. மறுபடியும் கெஞ்சச் சொன்னான். அப்பா மறுபடியும் கெஞ்சினார். அந்தப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. நிழலில் நின்றவர் கையில் விசிறி, வெயிலில் நின்றவர் கையில் தேங்காய்.

அதற்குப் பிறகு காபிச் சண்டை. சம்பந்திகளுக்கு மாடியில் இடம். அங்கே போன காபி வெள்ளி டம்ளரில் போகாமல் எவர்சில்வரில் போய்விட்டதாம். என் மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அப்பா மாடிப்படி ஏறிப் போய் மன்னிப்புக் கேட்டார். இறங்கி வந்தார். காபி மறுபடியும் போனது, சூடு போதவில்லையாம். மறுபடியும் ஏறினார். ஊருக்கெல்லாம் காபி சுமந்து தூது போன மனுஷன், வாயில் ஒரு சொட்டு விடவில்லை. முகூர்த்த நேரம் நெருங்கி சாஸ்திரிகள் கத்தின பிறகுதான் மாமியார் இறங்கி வந்தாள். அப்போது உச்சிவேளைக்குக் கொஞ்சம் முன்னால்.

மண்டபத்தில் கூட்டம் நெரிந்தது. ஹோமப் புகை வேறு. அம்மாவின் தம்பி, என் மாமா, ஸ்டோர் ரூம் சாவிக் கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு அதிகாரம் பண்ணிக்கொண்டிருந்தார். அவர்தான் விசிறிகளை நிறுத்தச் சொன்னவர். ஒரு கிழவர், பாவம், "கொஞ்சம் காத்து வரட்டுமே" என்று எழுந்து சுவிட்சுப் பக்கம் போனார். மாமா போய் சுவிட்ச் முன்னால் நின்றுகொண்டார். "தாலி கட்டற வரைக்கும் பல்லைக் கடிச்சுண்டு இருங்கோ மாமா. ஊர்ல ஏது ஃபேன்? நம்ப தாத்தாவெல்லாம் கல்யாணம் பண்ணிக்கலையா?"

தாத்தாக்கள் கல்யாணம் பண்ணிக்கொண்டது நாலு பக்கமும் திறந்த பந்தலில். இது மூன்று பக்கமும் சுவர். அதை யார் மாமாவுக்குச் சொல்வது?

எங்களில் பெண் தன் அப்பாவின் மடியில் உட்கார்ந்துதான் தாலி வாங்கிக்கொள்வாள். பி.ஏ. முடித்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்த தடி மாடு நான். ஒன்பது கஜம் பட்டு, நகைகள், பின்னலில் தாழம்பூ, கழுத்தில் மாலைக்கு மேல் மாலை. இத்தனையையும் சுமந்துகொண்டு, பட்டினி கிடக்கிற ஐம்பது வயதுக்காரரின் மடியில் போய் உட்கார வேண்டும். உட்கார்ந்தேன்.

உட்கார்ந்ததும் சுட்டது. ஜுரக் குழந்தையைத் தூக்கினால் சுடுமே, அந்தச் சூடு, பட்டின் இத்தனை மடிப்பையும் தாண்டி. எனக்கு வியர்வை ஆறாக ஓடிக்கொண்டிருந்தது, கண் மை கன்னத்தில் வழிந்தது. அப்பாவின் கை என் இடுப்பைச் சுற்றி இருந்தது. அதில் ஈரமே இல்லை. காலையிலிருந்து தொப்பலாக நனைந்திருந்த மனுஷனுக்கு வியர்வை எப்போது நின்றது என்று தெரியவில்லை. தோல் அப்பளம் மாதிரி காய்ந்து கிடந்தது. அவருடைய நெஞ்சு என் முதுகில் பட்டது. அது தடதடவென்று ஓடும், ஒரு நொடி நிற்கும், மறுபடியும் தாறுமாறாக ஓடும். என் முதுகுக்குப் பின்னால் யாரோ தப்புத் தப்பாகக் கதவைத் தட்டுவது போல் இருந்தது.

சாஸ்திரிகள் மந்திரம் சொன்னார், அப்பா திருப்பிச் சொன்னார். முதலில் சரியாகத்தான் சொன்னார். பிறகு நாக்குக் குழறியது. பிறகு என் காதுக்குப் பக்கத்தில் மெல்ல, "யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி" என்றார். அடுத்த மந்திரத்துக்கும் "யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி" என்றார். சாஸ்திரிகளுக்கு அது கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் தட்சிணை வாங்கியாகிவிட்டது.

"மாமா, அப்பாக்கு உடம்பு கொதிக்கறது. என்னவோ பேசறார். ஃபேனைப் போடச் சொல்லுங்கோ, தண்ணி குடுங்கோ" என்றேன் சாஸ்திரிகளிடம்.

"ஆச்சு குழந்தே, ஒரே நிமிஷம். முகூர்த்தம் தாண்டப்படாது."

"சொல்றேனே, உடம்பு சரியில்லை அவருக்கு."

என் மாமா குனிந்து சொன்னார்: "கல்யாணப் பொண்ணு மணையில வாயைத் திறக்கப்படாது. எல்லாரும் பார்க்கறா. தலையைக் குனிஞ்சுக்கோ."

நான் தலையைத் திருப்பினேன். அப்பாவின் கண் மேலே போயிருந்தது. வெள்ளை மட்டும் தெரிந்தது. "அப்பா" என்று கத்தினேன். என் வாழ்க்கையில் அப்படிக் கத்தினதில்லை.

கெட்டிமேளம் எதற்கு என்று தெரியுமா உங்களுக்கு? தாலி கட்டும்போது யாராவது அழுதால், தும்மினால், ஆகாத வார்த்தை சொன்னால், அது காதில் விழாமல் இருக்க. அதற்காகத்தான் சாஸ்திரிகள் விரலை ஆட்டினதும் மேளக்காரர்கள் உயிரை விட்டு அடிப்பார்கள். நான் வாயைத் திறந்ததைப் பார்த்ததும் சாஸ்திரிகள் விரலை ஆட்டினார். அடித்தார்கள். நாதஸ்வரமும் தவிலும் சேர்ந்து என் குரலை அப்படியே விழுங்கிவிட்டன. அட்சதை மழையாக விழுந்தது. என் அப்பா செத்துக்கொண்டிருக்கிறார் என்று கத்தின வாய்க்குள்ளும் ரெண்டு அரிசி விழுந்தது.

முதல் முடிச்சு விழுந்தபோதே மடி சரிந்தது. அப்பா பக்கவாட்டில் சாய்ந்தார், நானும் அவரோடு சாய்ந்தேன். நாலைந்து கைகள் பாய்ந்து வந்தன. யாரைப் பிடித்தார்கள் என்கிறீர்கள்? என்னை. இன்னும் ரெண்டு முடிச்சு பாக்கி இருந்ததே. என்னைப் பிடித்து நிமிர்த்தி, முதுகுக்கு ஒரு பெண்மணி முட்டுக் கொடுத்து, நாத்தனார் முடிச்சைப் போட்டு முடித்தாள். அப்பாவை அதற்குப் பிறகு தூக்கினார்கள்.

தூக்கி எங்கே கொண்டு போனார்கள்? காற்றாட வெளியிலா? ஸ்டோர் ரூமுக்கு. ஜன்னல் இல்லாத அறை. பட்சணமும் காய்கறியும் அடுக்கி வைத்திருந்த இடம். சம்பந்திகள் கண்ணில் படக் கூடாதாம். கதவையும் சாத்தினார்கள். பட்டினி மயக்கம்தான், சூடாக ஒரு காபி கொடுத்தால் எழுந்து உட்கார்ந்துவிடுவார் என்று மாமா தீர்ப்புச் சொன்னார். உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டதாம், குளிர் என்று நினைத்து மாப்பிள்ளைக்கு வாங்கி வைத்திருந்த கம்பளிச் சால்வையை எடுத்துப் போர்த்தினார்கள். கொதிக்கிற உடம்புக்குக் கம்பளி, கொதிக்கிற தொண்டைக்குக் கொதிக்கிற காபி. பி.ஏ., பி.காம்., டைப்ரைட்டிங் ஹையர் எல்லாம் பாஸ் பண்ணின கூட்டம் இது.

மேடையில் என் கையை என் வீட்டுக்காரர் பிடித்திருந்தார். பாணிக்கிரகணம். அடுத்தது ஏழு அடி. நான் அவரிடம் சொன்னேன், கல்யாணமான பின் நான் அவரிடம் பேசின முதல் பேச்சு அதுதான்: "நான் எங்கப்பாவைப் பார்க்கணும்."

அவர் தன் அம்மாவைப் பார்த்தார்.

"ஏழடியை வெச்சுட்டு எங்க வேணா போகட்டும். நடுவுல எழுந்துண்டா நன்னாருக்காது" என்றாள் என் மாமியார்.

கையை உதறிக்கொண்டு எழுந்தேன். முடிச்சுப் போட்டிருந்த அங்கவஸ்திரம் என்னோடு வந்தது, மாப்பிள்ளை வெற்று மார்போடு உட்கார்ந்திருந்தார். யாரோ 'சிவ சிவா' என்றார்கள். நான் நேரே ஸ்டோர் ரூமுக்குப் போனேன். அம்மா அழுதுகொண்டே முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள். அப்பா ஒரு பெஞ்சியில் சால்வைக்குள் கிடந்தார். உதடு வெடித்திருந்தது. காபி கழுத்தில் வழிந்திருந்தது. கையால் எதையோ டைப் அடித்துக்கொண்டிருந்தார்.

எனக்கு வைத்தியம் தெரியாது. கொதிக்கிற பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்க வேண்டும், மூடி போட்டு வைக்கக் கூடாது என்பது அடுப்படியில் நின்ற எவளுக்கும் தெரியும். சால்வையை இழுத்து எறிந்தேன். மூலையில், மரத்தூள் போட்ட சாக்குக்குள், சாயங்கால ரிசப்ஷனுக்குக் கை மெஷினில் ஐஸ்கிரீம் சுற்ற ஐஸ் கட்டிகள் இருந்தன. தேங்காய் உடைக்கிற அரிவாளை எடுத்து அடித்தேன்.

மாமா ஓடி வந்தார். "என்னடி பண்றே? ஜன்னி கண்டுடும். அது சாயங்காலத்து ஐஸ். இந்த வேளையில வேற எங்க போய் வாங்கறது?"

"சாயங்காலம் வரவாளுக்கு ஐஸ்கிரீம் வேணுமா, எங்கப்பா வேணுமா? நீங்களே சொல்லுங்கோ மாமா."

மாமா உடனே சொல்லவில்லை. யோசித்தார். பிற்பாடு அவர் எனக்கு எத்தனையோ நல்லது செய்தார், என் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி வாசலில் காத்துக் கிடந்தார். ஆனாலும் அந்த யோசனையை நான் மறக்கவில்லை, மறக்கவும் மாட்டேன்.

அக்குளில், கழுத்தில், தொடை இடுக்கில் ஐஸை வைத்து, கரைந்த தண்ணீரை நானும் அம்மாவும் வாரி வாரி மேலே ஊற்றினோம். பரிசாரகர்கள் ரெண்டு பேர் பெஞ்சியோடு தூக்கிக் கொண்டுபோய் டாக்ஸியில் வைத்தார்கள். நானும் ஏறப் போனேன். அம்மா என்னைத் தள்ளினாள். "நீ போய் அந்த ஏழடியை வெச்சு முடி. இல்லேன்னா அவர் பட்டதெல்லாம் தெண்டமாயிடும்" என்றாள். அம்மா மேல் அன்றைக்கு வந்த கோபம் வேறு. அதில் பாதி பாசம்.

திரும்பிப் போய், ஈரப் புடவை சொட்டச் சொட்ட, ஏழு அடி வைத்தேன். ஏழாவது அடியில் நாம் சிநேகிதர்கள் ஆனோம் என்று அர்த்தமாம். சாஸ்திரிகள் சிரித்துக்கொண்டே விளக்கிச் சொன்னார். குத்துவிளக்கு அணையாமல் ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் அப்பாவைப் பார்த்தது ஒரு மராட்டிய லேடி டாக்டர், சின்ன வயசு. மறுநாள் நான் போனபோது இங்கிலீஷும் ஹிந்தியுமாகக் கேட்டாள், எந்த ஃபாக்டரியில் வேலை, பாய்லர் பக்கமா என்று. தாராவியிலிருந்து தோல் பதனிடுகிற ஆட்கள், சூளைக்காரர்கள் எல்லாம் மே மாதத்தில் இப்படித்தான் வருவார்களாம். இல்லை, கல்யாண மண்டபம் என்றேன். தண்ணீர் குடிக்கவில்லையா என்றாள். இல்லை என்றேன். கிடைக்கவில்லையா என்றாள். கிடைத்தது என்றேன். அவள் பேனாவை மூடி என்னைப் பார்த்தாள். நான் கழுத்தில் புது மஞ்சள் கயிற்றோடு நின்றேன், வெட்கமாக இருந்தது.

பிறகு புரியும்படி சொன்னாள். உடம்பு சூடேறினால் இதயம்தான் ரத்தத்தைத் தோலுக்கு விரட்டி விரட்டிச் சூட்டை வெளியே தள்ளும். குடிக்கத் தண்ணீர் இல்லாவிட்டால் விரட்ட ரத்தமும் போதாது. அப்படியும் அது ஓடும், வெறுமனே ஓடும், ஓடி ஓடித் தன் தசையையே கெடுத்துக்கொள்ளும். ஜுரம் இறங்கிவிட்டது, புத்தி தெளிந்துவிட்டது, ஆனால் இதயத்தின் ஒரு பகுதி பழுதாகிவிட்டது, துடிப்பு இனி ஒழுங்காக இருக்காது என்றாள். ஐஸ் வைத்தது யார் என்று கேட்டாள். சொன்னேன். அது இல்லாவிட்டால் இங்கே வந்திருக்கவே மாட்டார் என்றாள். மாடிப்படி கூடாது, வெயிலில் அலையக் கூடாது, தாகத்தை ஒருநாளும் அடக்கக் கூடாது. இன்னொரு தடவை இப்படி ஆனால் தாங்காது. இதை அப்பாவிடமும் சொன்னாள். அப்பா நல்ல பையனாக "யெஸ் டாக்டர்" என்றார்.

எங்கள் மாட்டுங்கா வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. நான் வாழ்க்கைப்பட்ட வீடு செம்பூரில், தரையோடு இருக்கிற வீடு, வாசலில் மாமரம். "அவாளை இங்கயே வந்து இருக்கச் சொல்லேன்" என்றாள் என் மாமியார். அவர் வர மாட்டார் என்று தெரிந்தால் யாரும் தாராளமாகக் கூப்பிடலாம்.

வரவும் மாட்டார்தான். கன்னிகாதானம் செய்து கொடுத்த அப்பா, பெண்ணுக்குக் குழந்தை பிறக்கிற வரைக்கும் அவள் வீட்டில் கை நனைக்கக் கூடாது. சாப்பாடு மட்டுமில்லை, தண்ணீரும். தாரை வார்த்துக் கொடுத்த பொருளிலிருந்து திரும்ப எடுத்துக்கொள்வதாம் அது. அப்போ நான் பொருள். சரி, பொருளாகவே இருக்கட்டும். பொருளுக்கு வாய் இருந்து, தண்ணீர் குடியுங்கள் என்று கெஞ்சினால் என்ன செய்வதாம்?

ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி என்னைப் பார்க்க வருவார். மூச்சு வாங்கும். கால் வீங்கியிருக்கும். மாமரத்தடியில் நின்று கொஞ்சம் ஆசுவாசப்படுத்திக்கொண்டு, ஒன்றுமில்லாத மாதிரி உள்ளே வருவார். நான் டம்ளரில் தண்ணீர் கொண்டு வந்து வைப்பேன். அவர் அதைத் தொட மாட்டார். போகும்போது பஸ் ஸ்டாப் பக்கத்து ஈரானி கடையில் தண்ணீரும் டீயும் குடித்துவிட்டுப் பஸ் ஏறுவார். ஈரானி எந்தக் கோத்திரம் என்று சாஸ்திரம் கேட்கவில்லை. பெற்ற பெண் வீட்டுப் பானைதான் தீட்டு.

"நீங்க குடிக்கலைன்னா நானும் குடிக்க மாட்டேன்" என்று ஒரு தடவை சொன்னேன்.

"நீ குடி. நீ அவாத்துப் பொண்ணு" என்றார் சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்பில் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அடுத்த மே மாதம் நான் உண்டாகியிருந்தேன், வயிறு நன்றாகத் தெரிந்தது. வளைகாப்பு முடிந்திருந்தது. வெயில் முந்தின வருஷத்தைவிட மோசம். வராதீர்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தேன். மாவடு எனக்குப் பிடிக்கும் என்று ஒரு ஜாடியைத் தூக்கிக்கொண்டு நடுப்பகலில் வந்து நின்றார். உதடு காய்ந்திருந்தது. பஸ்ஸில் உட்கார இடமில்லை, நின்றுகொண்டே வந்தாராம். ஈரானி கடையும் மூடியிருந்தது, அவர்களுக்கு என்ன பண்டிகையோ.

விசிறியை முழு வேகத்தில் வைத்தேன். மண்பானைத் தண்ணீரைக் கொண்டு வந்து கையில் கொடுத்தேன். வாங்கவில்லை. அவர் கையைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது. எனக்கு அந்தக் காய்ச்சல் தெரியும், அதன் மேல் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

"அப்பா, டாக்டர் என்ன சொன்னா? தாகத்தை அடக்கப்படாதுன்னாளா இல்லையா? உங்க கால்ல விழறேன், ஒரு வாய்."

"இன்னும் ரெண்டு மாசம்தானேடி. பேரன் பொறக்கட்டும், உன் பானையோட எடுத்துக் குடிச்சுடறேன்."

"அதுக்குள்ள உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"எனக்கு என்ன ஆகும்? அசடு. உன்னைத் தானமாக் குடுத்த புண்ணியத்தைப் போயும் போயும் ஒரு டம்ளர் தண்ணிக்கு விடச் சொல்றியா?"

மாமியார் ஊஞ்சலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "அவர் சொல்றது நியாயம்தானே. பெரியவா வெச்ச வழக்கம்" என்றாள். என் வீட்டுக்காரர் பேப்பரைத் திருப்பினார்.

கொஞ்சம் வெயில் தாழ்ந்து போங்கள் என்றேன். கேட்கவில்லை. இருந்தால் நான் தண்ணீரோடு மறுபடி வருவேன் என்று தெரியும் அவருக்கு. ஜாடியை அலமாரியில் வைத்துவிட்டுக் கிளம்பினார். வாசல் கேட்டைத் தாண்டினார். மாமரத்தடியில் நின்றார், வழக்கம்போல மூச்சு வாங்க நிற்கிறார் என்று நினைத்தேன். கையை மரத்தில் ஊன்றினார். அப்படியே சரிந்து உட்கார்ந்தார்.

எப்படி ஓடினேன் என்று தெரியவில்லை, அந்த வயிற்றோடு. என் வீட்டுக்காரரும் பக்கத்து வீட்டுக்காரரும் தூக்கிவந்து கூடத்தில் கிடத்தினார்கள். டாக்டரைக் கூப்பிட ஆள் ஓடியது. நான் அவர் நெஞ்சில் கையை வைத்தேன். துடிப்பு அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தது. கண் திறந்திருந்தது. என்னைத் தெரிந்தது அவருக்கு, நிச்சயமாகத் தெரிந்தது. உதட்டை நாக்கால் தடவினார்.

அதற்குள் என் மாமியார் பூஜையறைக்குப் போய் காசிச் செம்பை எடுத்து வந்துவிட்டாள். கங்காஜலம், ஈயம் வைத்து அடைத்த செப்புச் செம்பு, கடைசி நேரத்தில் வாயில் விடுவதற்கு என்று வைத்திருப்பது. "தள்ளிக்கோ, அடைப்பை உடைக்கணும். புண்ணிய ஆத்மா, கங்கை கிடைக்கறது பார்" என்றாள். சாகப்போகிறவன் சம்பந்தி வீட்டுத் தண்ணீரைக் குடிக்கலாம், பிழைக்க வேண்டியவன்தான் குடிக்கக் கூடாது. அந்த நிமிஷத்தில் எனக்கு எல்லார் மேலும் வெறுப்பு வந்தது, தரையில் படுத்திருந்தவர் மேலும்தான்.

"அதைக் கொண்டுபோங்கோம்மா. இவர் குடிச்சா என் பானைத் தண்ணிதான் குடிக்கணும்" என்றேன். அவர் கையில் கொடுத்து அவர் வாங்காத டம்ளர் அப்படியே ஸ்டூலில் இருந்தது. அதை எடுத்தேன். தலையை என் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு உதட்டில் வைத்தேன். "அப்பா, குடிங்கோ" என்றேன். மறுக்கவில்லை. ஒரு வாய் குடித்தார். தொண்டை ஏறி இறங்கினதை நான் பார்த்தேன். இன்னொரு வாய் குடித்தார். மூன்றாவது வாய் கடைவாயில் வழிந்துவிட்டது.

என் மாமியார் அதற்குப் பிறகு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள், சம்பந்தி மாமா கங்காஜலம் குடித்துவிட்டுத்தான் கண்ணை மூடினார், யாருக்குக் கிடைக்கும் என்று. பொய். அது செம்பூர் கார்ப்பரேஷன் குழாய்த் தண்ணீர். காலையில் நான் பிடித்து வைத்தது.